டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட்: செயல்திறன் பாகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்னும் இரட்டைக் கார்களை வைத்திருப்போரும் வாங்க நினைப்போரும் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களோடு வருகிறார்கள். ஒருவருக்குச் சொன்ன பதிலையே அடுத்தவருக்கும் சொல்ல நேர்வதால், கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. வேறுவிதமாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் ஆறு கியர் மேனுவல் வண்டியைப் பற்றியே பேசுகிறேன் என்று கொள்க.

1. 86, ஜிடி86, எஃப்ஆர்-எஸ், பிஆர்இசட், ஜிஆர்86 என்று ஐந்து பெயர் சொல்கிறார்களே, இவையெல்லாம் ஒரே கார்தானா?

அடிப்படையில் ஒரே கார்தான். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கி, ஜப்பானின் குன்மா மாகாணத்தில் உள்ள சுபாரு ஆலையில் தயாரித்து, 2012-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தன. டொயோட்டா தன் பங்குக்கு ஜப்பானில் 86 என்றும், ஐரோப்பாவில் ஜிடி86 என்றும், வட அமெரிக்காவில் 2016 வரை சியான் எஃப்ஆர்-எஸ் என்றும் பெயரிட்டது. எஞ்சின் சுபாருவுடையது. எரிபொருளைச் சிலிண்டருக்குள் நேரடியாகவும் உள்ளிழுப்புக் குழாயிலுமாக இரண்டு இடங்களில் பீய்ச்சும் டி-4எஸ் முறை டொயோட்டாவுடையது. டொயோட்டா தரப்பில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் டெட்சுயா டாடா. 86 என்ற எண், 1983-இல் வந்த ஏஇ86 வரிசைக் கார்களிலிருந்து எடுத்துக்கொண்டது.

பாகம் வாங்கும்போது பெயரைவிடத் தலைமுறைக் குறியீடே முக்கியம். முதல் தலைமுறை இசட்என்6 (டொயோட்டா), இசட்சி6 (சுபாரு). 2020-இன் இறுதியில் சுபாருவும் 2021-இல் டொயோட்டாவும் அறிமுகப்படுத்திய இரண்டாம் தலைமுறை இசட்என்8 (டொயோட்டா, ஜிஆர்86 என்ற பெயரில்), இசட்டி8 (சுபாரு). ஒரே தலைமுறைக்குள் டொயோட்டாவுக்கும் சுபாருவுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் சஸ்பென்ஷனில்தான்: சுபாருவில் முன் ஸ்பிரிங் சற்றுக் கடினம், பின் ஸ்பிரிங் சற்று மென்மை, டொயோட்டாவில் அது தலைகீழ். அதனால் டொயோட்டாவின் பின்பகுதி கொஞ்சம் துடிப்பாகத் திரும்பும்.

2. முன்சக்கர இயக்கமுள்ள கார்களே இதைவிட வேகமாக ஓடும்போது, பின்சக்கர இயக்கம் எதற்கு?

நேர்ச்சாலை வேகத்துக்காக அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். முன்சக்கர இயக்கத்தில் முன் டயர்கள்தாம் திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அந்த இரண்டு வேலைகளும் ஒரே பிடிமானத்துக்குப் போட்டியிட்டு, காரின் மூக்கு வளைவுக்கு வெளியே விலகும். பின்சக்கர இயக்கத்தில் திருப்புவது முன் டயர்களின் வேலை, தள்ளுவது பின் டயர்களின் வேலை. முடுக்கும்போது எடை பின்னுக்குச் சாய்வதும் தள்ளும் டயர்களுக்கே சாதகமாகிறது. ஆக்சிலரேட்டரைக் கொண்டே வண்டியின் கோணத்தைத் திருத்தலாம் என்பதுதான் இந்தக் காரை வாங்குவோர் தேடும் அனுபவம்.

3. வழக்கமான நேர்வரிசை எஞ்சினை வைக்காமல் பாக்ஸர் எஞ்சினை ஏன் வைத்தார்கள்?

பாக்ஸரில் சிலிண்டர்கள் இரண்டிரண்டாக இடமும் வலமும் படுத்திருப்பதால் எஞ்சினின் உயரம் குறைகிறது. எஞ்சினைத் தாழவும் பின்தள்ளியும் உட்கார வைக்க முடிந்ததால், முதல் தலைமுறையின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 460 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. எடைப் பகிர்வு முன் 53, பின் 47 விழுக்காடு. ஈர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால் வளைவில் வண்டி குறைவாகச் சாயும். சாய்வு குறைந்தால் ஸ்பிரிங்கை அளவுக்கு மீறிக் கடினமாக்க வேண்டிய தேவை இராது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சிலிண்டர் தலைகள் இரண்டும் சேசிஸின் பக்கவாட்டுச் சட்டங்களை ஒட்டி அமர்ந்திருப்பதால், ஸ்பார்க் பிளக் மாற்றுவதுகூடக் கை நுழையாத இடத்தில் செய்யும் வேலையாகிவிடுகிறது. வால்வு தொடர்பான வேலை என்றால் எஞ்சினையே இறக்க வேண்டும். இது 15-ஆம் கேள்வியில் மறுபடி வரும்.

4. 200 குதிரைத்திறன்தான். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

முதல் தலைமுறையின் எஃப்ஏ20 எஞ்சின் 1,998 சிசி. சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் 86 மில்லிமீட்டர். அழுத்த விகிதம் 12.5:1. அது நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 200 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) திறனும், 6,400 முதல் 6,600 சுற்றுக்குள் 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. டர்போ இல்லாமல் லிட்டருக்கு 100 பிஎஸ் என்பது பொறியியல் நோக்கில் நல்ல சாதனை. ஆனால் அந்தத் திறன் முழுவதும் மேல் சுற்றுகளில்தான் கிடைக்கிறது. ஏறத்தாழ 1,240 கிலோ எடையுள்ள வண்டிக்கு இது போதும், மிகையில்லை.

0 முதல் 100 வரையிலான நேரத்தை மட்டும் பார்த்து இந்தக் காரை எடைபோடாதீர்கள். கியர் விகிதங்களை வைத்துக் கணக்குப் போட்டால், 4.1 ஃபைனல் டிரைவும் (கியர்பாக்ஸுக்குப் பின் வரும் கடைசிப் பல்சக்கர விகிதம்) 215/45 ஆர்17 டயரும் உள்ள வண்டி இரண்டாம் கியரில் 7,400 சுற்றில் மணிக்கு ஏறத்தாழ 97 கிலோமீட்டரை எட்டும். மணிக்கு 60 மைல் என்பது 96.6 கிலோமீட்டர், அதை இரண்டாம் கியரிலேயே தொட்டுவிடலாம், 100 கிலோமீட்டருக்கு மட்டும் மூன்றாம் கியர் வேண்டும். ஒரே கார் மைல் கணக்கில் சுறுசுறுப்பாகவும் கிலோமீட்டர் கணக்கில் மந்தமாகவும் தெரிவதற்கு இந்தக் கூடுதல் கியர் மாற்றமும் ஒரு காரணம்.

இரண்டாம் தலைமுறையில் சிலிண்டர் விட்டம் மட்டும் 94 மில்லிமீட்டராகி, கொள்ளளவு 2,387 சிசி ஆனது. ஜப்பானிய அளவீட்டில் 235 பிஎஸ். முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,700 சுற்றிலேயே. டொயோட்டா அறிவித்த கணக்குப்படி 0 முதல் 100 வரை 7.4 நொடியிலிருந்து 6.3 நொடிக்குக் குறைந்தது.

5. 4,000 சுற்றுப் பக்கத்தில் கார் திடீரென்று இழுக்க மறுக்கிறது. எஞ்சினில் ஏதாவது கோளாறா?

முதல் தலைமுறைக் கார் என்றால் கோளாறு ஒன்றும் இல்லை. அது பிறவியிலேயே அப்படித்தான். சுமார் 3,500 முதல் 4,500 சுற்று வரை முறுக்குவிசைக் கோடு பள்ளமாக இறங்கி, பிறகு எழுகிறது. உள்ளிழுக்கும் குழாய்களிலும் புகை வெளியேறும் குழாய்களிலும் ஓடும் அழுத்த அலைகள் மேல் சுற்றுகளுக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருப்பதால், நடுச் சுற்றுகளில் அவை சிலிண்டர் நிரம்புவதற்கு உதவாமல் குறுக்கே நிற்கின்றன. மேலே 200 பிஎஸ் கிடைப்பதற்குக் கொடுத்த விலை என்று இதைச் சொல்லலாம்.

இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதைக் கியர் விகிதங்கள் காட்டிவிடும். முதல் கியர் 3.626, இரண்டாம் கியர் 2.188, மூன்றாம் கியர் 1.541. முதல் கியரில் 7,400 வரை இழுத்து மாற்றினால் ஊசி ஏறத்தாழ 4,470-இல் இறங்கும், பள்ளத்தை ஏறக்குறையத் தாண்டியாயிற்று. எஞ்சினுக்கு நோகக்கூடாது என்று 6,000 சுற்றில் மாற்றினால் ஊசி 3,620-இல் இறங்கும். இரண்டிலிருந்து மூன்றுக்கு அதே 6,000-இல் மாற்றினால் 4,230. இரண்டும் பள்ளத்தின் நடுவே. மென்மையாக ஓட்டுகிறவருக்குத்தான் இந்தக் கார் அதிகம் சோம்பலாகத் தெரிகிறது என்பது வேடிக்கையான உண்மை. ஆகவே காசு செலவழிக்கும் முன், ஒரு வாரம் கியரை 7,000-க்கு மேல் மாற்றி ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்குக் குறை அதோடு தீர்ந்துவிடும்.

6. பள்ளத்தைப் போக்க ஹெடர் மாற்றினால் போதுமா, இசியு மென்பொருளையும் மாற்ற வேண்டுமா?

இரண்டும் சேர்ந்தால்தான் பலன். ஹெடர் என்பது சிலிண்டர் தலையிலிருந்து புகையை வாங்கி ஒன்றுசேர்க்கும் குழாய்த் தொகுதி. அதன் நீளமும் இணையும் இடமும் மாறும்போது அழுத்த அலைகள் திரும்பி வரும் நேரம் மாறுகிறது. ஆனால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவு மாறியதை இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தன் பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு முழுமையாகப் பயன்படுத்த முடியாது. பற்றவைக்கும் நேரத்தையும் வால்வு திறக்கும் நேரத்தையும் புதிய குழாய்க்கு ஏற்பத் திருத்த வேண்டும். ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் மென்பொருளைத் திருத்துங்கள். வால்வு நேரத்தை மாற்றுவதாலேயே பள்ளம் ஓரளவு தூரும். எத்தனால் கலந்த ஈ85 எரிபொருள் கிடைக்கும் இடங்களில் அதற்கேற்ற மென்பொருளோடு இன்னும் நன்றாகத் தூரும், ஆனால் எரிபொருள் செலவு கூடும்.

சம நீளக் குழாய்களா, சமமற்றவையா என்ற துணைக்கேள்வி எப்போதும் கூடவே வரும். முறுக்குவிசை வேண்டும் என்றால் சம நீளம். பழைய சுபாருவின் உறுமல் ஒலி வேண்டும் என்றால் சமமற்ற நீளம். முதல் தலைமுறையில் முதன்மை வினையூக்கி மாற்றி (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) ஹெடருக்குள்ளேயே இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். அது இல்லாத ஹெடரைப் பொருத்தினால் பல நாடுகளில் வண்டி பொதுச்சாலைக்கான புகைச் சோதனையில் தேறாது. ஓட்டுவதே சட்டப்படி குற்றமாகும் இடங்களும் உண்டு.

7. ஏர் ஃபில்டரும் பின்பக்க எக்ஸாஸ்டும் மாற்றினால் எவ்வளவு திறன் கூடும்?

ஒலி கூடும், எடை சில கிலோ குறையலாம். திறனில் கையால் உணரத்தக்க மாற்றம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

8. அப்படியானால் முதலில் எதைத்தான் மாற்றுவது?

டயர். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. முதல் தலைமுறை 215/45 ஆர்17 அளவில் மிஷெலின் பிரைமசி எச்பி டயர்களோடு வந்தது. அது சொகுசுப் பயணத்துக்கான டயர். குறைந்த வேகத்திலேயே வண்டி வழுக்கி விளையாட வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள். அந்த நோக்கம் புரியாதவர்கள்தாம் தயாரிப்பாளர் கஞ்சத்தனம் செய்துவிட்டதாகக் குறைபடுகிறார்கள். இரண்டாம் தலைமுறையின் உயர்வகைகள் 215/40 ஆர்18 அளவில் பைலட் ஸ்போர்ட் 4 டயர்களோடு வந்தன.

நல்ல கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர் போட்டதும் பிரேக் தூரம், வளைவு வேகம், ஸ்டியரிங்கின் துல்லியம் மூன்றும் ஒரே நாளில் மாறும். வேறு எந்தப் பாகமும் ஒரே செலவில் மூன்றையும் தராது. அதற்கு அடுத்தபடி பிரேக் ஆயில், பிறகு வீல் அலைன்மென்ட். இந்த மூன்றும் முடிந்து ஒரு பருவம் ஓட்டிய பிறகுதான் எஞ்சினின் பக்கம் திரும்ப வேண்டும். அதற்குள் பலருக்கு எஞ்சின் போதும் என்று தோன்றிவிடுகிறது.

9. 17 அங்குலமா 18 அங்குலமா? எவ்வளவு அகலம் வரை போகலாம்?

ஓட்டத்துக்கு 17, தோற்றத்துக்கு 18. பெரிய சக்கரத்தின் எடை வெளி விளிம்பை நோக்கி நகர்வதால் அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் விசை வேண்டும்; டயரின் பக்கச்சுவரும் குட்டையாகி, மேடுபள்ளங்கள் இடுப்பில் வந்து முட்டும். முதல் தலைமுறையின் தொழிற்சாலைச் சக்கரம் 7 அங்குல அகலம், 48 மில்லிமீட்டர் ஆஃப்செட் (சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியோடு பொருந்தும் முகம் வரை உள்ள தூரம்). போல்ட் அமைப்பு 5x100, அதாவது 100 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட். இந்த 5x100 அமைப்புக்கு, பரவலாக உள்ள 5x114.3 அளவை நோக்கச் சக்கரத் தெரிவுகள் குறைவு என்பதால், பார்த்த சக்கரத்தையெல்லாம் வாங்கிவிட முடியாது.

அகலத்தைக் கூட்டும்போது விட்டத்தையும் கணக்கிடுங்கள். 215/45 ஆர்17 டயரின் வெளிவிட்டம் 625 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 போட்டால் 634 ஆகிறது. 245/40 ஆர்17 போட்டால் 628 மட்டுமே. அதாவது அதிக அகலமான டயர்தான் பழைய விட்டத்துக்கு நெருங்கி நிற்கிறது. ஆனால் அதற்கு 8.5 அல்லது 9 அங்குலச் சக்கரம் வேண்டும், முன்பக்கம் உட்புறம் ஷாக் அப்சார்பரோடு உரசாதபடி ஆஃப்செட்டைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைத் திறனிலேயே ஓடும் வண்டிக்கு 225 போதும் என்பது என் எண்ணம். அதற்கு மேல் போனால் பிடிமானம் எஞ்சினை விழுங்கி, வண்டியின் துடிப்பு போய்விடும்.

10. பெரிய பிரேக் கிட் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

முதல் நிறுத்தத்தில் நிற்காது. ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு உங்கள் பிரேக் ஏற்கெனவே சக்கரத்தைப் பூட்ட வல்லது என்றால், நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்தான். பெரிய டிஸ்க்கின் பயன் பத்தாவது நிறுத்தத்தில்தான் தெரியும். ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள வண்டியை மணிக்கு 160-இலிருந்து 60 கிலோமீட்டருக்குக் கொண்டுவர, பிரேக் ஏறத்தாழ 1.1 மெகாஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். அறை வெப்பத்தில் உள்ள மூன்றே கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அவ்வளவு ஆற்றல்தான் தேவை. பந்தயத்தடத்தில் இது ஒரு சுற்றுக்குப் பலமுறை நடக்கிறது.

அந்த வெப்பம் முதலில் பதம்பார்ப்பது பிரேக் ஆயிலைத்தான். டாட் 3 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பின் 140, டாட் 4-க்கு 230, 155, டாட் 5.1-க்கு 260, 180. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகி, பெடல் தரைவரை இறங்கும். ஆகவே தடத்துக்குப் போகிறவர் செய்ய வேண்டியது: தரமான டாட் 4 ஆயில், அதிக வெப்பம் தாங்கும் பேட். இவை இரண்டும் இருந்தால் முதல் தலைமுறையின் 294 மில்லிமீட்டர் முன் டிஸ்க்கே சாதாரண ஓட்டுநருக்கு நாள் முழுக்கத் தாங்கும். டாட் 5 என்பது சிலிக்கோன் ஆயில். எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை வாங்கி ஊற்றிவிடக் கூடாது.

இவற்றுக்குப் பிறகும் பிரேக் மங்கினால், சில வகைகளில் தொழிற்சாலையிலிருந்தே வந்த பிரெம்போ தொகுதி நல்ல தெரிவு: முன்னே நான்கு பிஸ்டன் காலிப்பரும் 326 மில்லிமீட்டர் டிஸ்க்கும், பின்னே இரண்டு பிஸ்டனும் 316 மில்லிமீட்டரும். 17 அங்குலச் சக்கரங்களில் எல்லா வடிவங்களும் அதன்மேல் உட்காரா. வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

11. வண்டியைத் தாழ்த்தினால் வளைவில் நன்றாகப் போகும்தானே?

20 மில்லிமீட்டர் வரை தாழ்த்தினால், ஆம், ஓரளவு. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் கெடும். முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்டிரட் அமைப்பு. வண்டி தாழத் தாழக் கீழ்க்கரத்தின் சாய்வு மாறி, உருளல் மையம் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், தாழ்த்திய வண்டி தாழ்த்தாததைவிட அதிகமாகச் சாய முற்படும். அதோடு ஷாக் அப்சார்பரின் ஓட்டம் சுருங்கி, வளைவு நடுவில் ஒரு சிறு மேட்டிலேயே பம்ப் ஸ்டாப்பில் (ஓட்டத்தின் முடிவில் உள்ள தடுப்பில்) மோதும். மோதிய கணத்தில் அந்தச் சக்கரத்தின் பிடி சட்டென்று போகும்.

வளைவு வேகம்தான் நோக்கம் என்றால் கேம்பரை, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணத்தைக் கவனியுங்கள் (மேற்புறம் உள்நோக்கிச் சாய்ந்தால் அது எதிர்மறை). தொழிற்சாலை அமைப்பில் முன் கேம்பர் ஏறத்தாழச் சுழியம், அதை மாற்றும் வசதியும் கிடையாது. ஸ்டிரட்டின் அடிப்பகுதியில் உள்ள போல்ட்டுக்குப் பதிலாக மையம் விலகிய கேம்பர் போல்ட்டைப் போட்டால் எதிர்மறையாக ஒன்றரை டிகிரி வரை பெறலாம். வெளிப்பக்கத் தோள் மட்டும் தேய்ந்த முன் டயர்களை ஒருமுறை கழற்றிப் பார்த்தவருக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. பின்பக்கம் இரட்டை விஷ்போன். தாழ்த்தும்போது அங்கே எதிர்மறைக் கேம்பர் தானாகவே கூடும், ஆனால் அதைத் திரும்பக் குறைக்க நீளம் மாற்றத்தக்க கீழ்க்கரங்கள் தேவைப்படும். பின்பக்கம் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டுமே தொழிற்சாலை அமைப்பில் திருத்தத்தக்கது.

12. டார்சன் எல்எஸ்டி இருக்கிறதே, அப்புறம் ஏன் ஒரு சக்கரம் சும்மா சுழல்கிறது?

எல்எஸ்டி என்பது ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்; டார்சன் அதில் பல்சக்கரங்களால் இயங்கும் வகை. பிடிமானம் குறைந்த சக்கரம் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்குகிறதோ அதன் மடங்கை மற்றச் சக்கரத்துக்கு அனுப்புவது அதன் இயல்பு. குறைந்த சக்கரம் ஈரச்சாலையில் 100 நியூட்டன் மீட்டர் தாங்கினால், மற்றதற்கு அதைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ கிடைக்கும். ஆனால் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால் அது தாங்கும் விசை சுழியம். சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியம்தான். எழும்பிய சக்கரம் சுழலும், மற்றது நிற்கும்.

வளைவின் உள்விளிம்புக் கல்லில் ஏறி ஓட்டும்போதும், பின் ஸ்டெபிலைசர் பாரை மிகக் கடினமாக்கிய வண்டியிலும் இது நேர்கிறது. டிராக்ஷன் கண்ட்ரோல் இயங்கினால் அது சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து, டார்சனுக்குப் பெருக்குவதற்கு ஏதோ ஒரு விசையைத் தருகிறது. அதை அணைத்துவிட்டால் அந்த உதவியும் போகும். எப்போதும் பூட்டிப் பிடிக்க வேண்டும் என்போர் கிளட்ச் தகடுகள் கொண்ட எல்எஸ்டிக்கு மாறுகிறார்கள். அது திரும்பும்போது கடகடக்கும், ஆயிலை அடிக்கடி மாற்றச் சொல்லும். சறுக்கோட்டப் போட்டிக்குப் போகாதவருக்கு டார்சனே மேல்.

13. 4.1-க்குப் பதிலாக 4.3 ஃபைனல் டிரைவ் போட்டால் லாபமா?

சக்கரத்தில் வந்து சேரும் விசை எல்லாக் கியரிலும் ஏறத்தாழ 5 விழுக்காடு கூடும். தயாரிப்பாளரே 2017 மாடல் மேனுவல் வண்டிகளில் சில நாடுகளுக்கு இந்த 4.3-ஐக் கொடுத்தார். இதற்கு ஈடாக, ஆறாம் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டரில் 2,670 சுற்றாக இருந்தது 2,800 ஆகும். நெடுஞ்சாலையில் பெரிய இடைஞ்சல் இல்லை. ஆனால் இரண்டாம் கியரின் உச்சம் 97-இலிருந்து 93 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். 4-ஆம் பதிலில் சொன்ன 60 மைல் வசதியும் போய்விடும். விரைவாகத் தோன்றுவது வேறு, கடிகாரத்தில் விரைவாக இருப்பது வேறு என்பதற்கு இது நல்ல சான்று. டிஃபரன்ஷியலை வேறு காரணத்துக்காகத் திறக்கும்போது சேர்த்துச் செய்யலாம். இதற்காகவே திறக்க வேண்டாம்.

14. டர்போவா, சூப்பர்சார்ஜரா? எது எஞ்சினைக் கெடுக்காது?

அளவோடு வைத்தால் இரண்டும் கெடுக்காது, பேராசைப்பட்டால் இரண்டும் கெடுக்கும். அழுத்த விகிதம் ஏற்கெனவே 12.5:1 என்பதால், மேலும் காற்றைத் திணிக்கும்போது எரிபொருள் தானாகவே வெடிக்கும் நாக்கிங் ஆபத்து கூடுகிறது. உயர் ஆக்டேன் எரிபொருளும், கவனமாக எழுதிய இசியு மென்பொருளும் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. எல்லை எங்கே என்றால், பெரும்பாலும் பிஸ்டனைக் கிராங்க்‌ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளில்தான். அவற்றை வளைப்பது உச்சத் திறனைவிட, குறைந்த சுற்றில் திடீரென்று எழும் முறுக்குவிசை.

மையவிலக்குச் சூப்பர்சார்ஜர் சுற்றுக்கு ஏற்ப அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுவதால் ராடுகளுக்கு இதமானது. காரின் இயல்பும் மாறாது, ஆனால் 5-ஆம் பதிலில் சொன்ன பள்ளத்தைப் பெரிதாக நிரப்பாது. டர்போ நடுச் சுற்றை நிரப்பும். பதிலுக்கு எஞ்சின் அறையில் வெப்பத்தைக் கூட்டும், ஆயில் குளிரூட்டியைக் கேட்கும். எதைப் போட்டாலும் கிளட்ச், பிரேக், குளிரூட்டல் மூன்றும் பின்னாலேயே செலவு வைக்கும் என்பதைப் பட்டியலில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

15. பழைய முதல் தலைமுறைக் கார் வாங்குகிறேன். எஞ்சினில் எதைப் பார்க்க வேண்டும்?

2012, 2013-இல் தயாரான வண்டி என்றால், வால்வு ஸ்பிரிங் திரும்பப்பெறலை முதலில் கேளுங்கள். ஸ்பிரிங்குகள் முறியக்கூடும் என்று 2018-இல் டொயோட்டாவும் சுபாருவும் அவற்றை மாற்றித்தர அறிவித்தன. 3-ஆம் பதிலில் சொன்ன அமைப்பின் காரணமாக, அது எஞ்சினை இறக்கி, முன்மூடியைப் பிரித்துச் செய்ய வேண்டிய வேலை. மீண்டும் மூடும்போது பூசும் பசை அளவுக்கு மிஞ்சினால், உதிர்ந்த துணுக்குகள் ஆயில் உறிஞ்சும் குழாயின் சல்லடையை அடைத்துவிடும். ஆகவே வேலை நடந்ததா என்பதோடு, அதற்குப் பின் எத்தனை கிலோமீட்டர் சிக்கலின்றி ஓடியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது சில்வண்டு கத்துவது போன்ற ஒலி கேட்டால் பயப்பட வேண்டாம்; உயர் அழுத்த எரிபொருள் பம்பின் ஒலி அது, இந்த எஞ்சினில் பரவலாகக் கேட்பது. கிளட்ச் பெடலில் காலை வைத்ததும் மாறும் கரகரப்பு என்றால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும் என்பதால் விலையில் பேசிக் குறைக்கலாம்.

16. இரண்டாம் தலைமுறையைத் தடத்தில் ஓட்டினால் எஞ்சின் போய்விடும் என்கிறார்களே?

மிகைப்படுத்தல் இருக்கிறது, அடிப்படை இல்லாமல் இல்லை. பிடிமானம் மிக்க டயரோடு நீண்ட வலப்பக்க வளைவில் முழு வேகத்தில் போகும்போது ஆயில் இடப்பக்கம் ஒதுங்கி, உறிஞ்சு குழாய்க்குக் குறைவாகக் கிடைக்கிறது. ஆயில் அழுத்தம் சரிவதை மானி பொருத்திய உரிமையாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். படுத்த சிலிண்டர்களின் தலைகள் பக்கவாட்டில் இருப்பது இங்கே பாதகம். சாலையில் ஓட்டுகிறவருக்கு இந்தக் கவலை தேவையில்லை.

தடத்துக்குப் போவோர் ஆயில் அளவைக் குச்சியின் மேல்கோட்டில் வைத்திருக்க வேண்டும்; அழுத்த மானியும் வெப்ப மானியும் பொருத்த வேண்டும்; 120 டிகிரி செல்சியஸைத் தாண்டித் தங்கினால் ஆயில் குளிரூட்டி போட வேண்டும். ஆயில் தொட்டிக்குள் வைக்கும் தடுப்புத் தகடு உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி வழவழப்பான பந்தய டயருக்குப் போகக் கூடாது. 8-ஆம் பதிலில் டயரை முதலில் மாற்றச் சொன்னேன். அதற்கு எல்லை இங்கேதான் இருக்கிறது. சாலை டயரின் பிடிமானத்துக்குள் நிற்கும்வரை ஆயில் அமைப்பு ஈடுகொடுக்கும்.

17. முதல் தலைமுறை வண்டியில் 2.4 லிட்டர் எஞ்சினைப் பொருத்தினால் எல்லாக் குறையும் தீருமே?

செய்தவர்கள் இருக்கிறார்கள். எஃப்ஏ24, எஃப்ஏ20-இன் நேர்வாரிசு என்பதால் எஞ்சின் தாங்கிகளும் கியர்பாக்ஸ் இணைப்பும் பெருமளவு ஒத்துப்போகின்றன. 5-ஆம் பதிலில் சொன்ன பள்ளமும் போகிறது. சிக்கல் இரும்பில் இல்லை, மின்னணுவில் இருக்கிறது. சென்சார்களும் இசியு அட்டவணைகளும் வேறு. பழைய இசியுவை வைத்தே ஓட்டுவதென்றால் அட்டவணைகளை முழுக்கத் திருத்தி எழுத ஆள் வேண்டும்.

எஞ்சினைப் பெயர்த்து வைத்தாலும் உடற்கட்டு பழையதுதான் என்பதையும் கணக்கில் வையுங்கள். இரண்டாம் தலைமுறையின் முறுக்குறுதி ஏறத்தாழ 50 விழுக்காடு கூடியிருப்பதாக டொயோட்டா அறிவித்தது. மேற்கூரையும் அலுமினியத்துக்கு மாறியது. இவற்றைப் பெயர்த்து வைக்க முடியாது. பழைய எஞ்சின் ஏற்கெனவே பழுதாகி, வண்டியின் மற்றப் பாகங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தால் இந்த மாற்றம் நியாயமானது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை இறக்கிவிட்டுச் செய்வதென்றால், பழைய வண்டியை விற்றுப் புதிய தலைமுறையை வாங்குவதோடு ஒப்பிட்டுச் செலவை ஒருமுறை தாளில் எழுதிப் பாருங்கள். கிளட்ச், ஃபிளைவீல், மென்பொருள், பதிவுச் சான்றில் எஞ்சின் எண்ணைத் திருத்தும் நடைமுறை ஆகியவற்றையும் அந்தத் தாளில் சேர்க்க வேண்டும்.